முதியோர் இல்லத்தில் இறுதி நாட்கள்: புதிதாக வேலைக்கு வந்த பராமரிப்பாளருக்கு

இல்லத்தில் பல காலம் இருந்த ஓர் ஆச்சி சாப்பாட்டைக் குறைத்து, கதிரையில் இருப்பதை விட்டுப் படுக்கையோடு ஒதுங்கிவிட்டார் என்றால், அந்தக் கிழமையே செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்குத் தொண்டையில் சேடம் இழுக்கத் தொடங்கிய பிறகு அவற்றைச் செய்ய நேரம் கிடைக்காது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அம்புலன்சை அழைத்து, அறிமுகமில்லாத முகங்களுக்கு நடுவே தள்ளுவண்டியிலேயே உயிர் போகிற நிலை யாழ்ப்பாணத்து முதியவர்கள் பலருக்கு வருகிறது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அது தேவையில்லாத பயணம். தங்கள் கட்டிலில், பழகிய குரல்களைக் கேட்டபடி, நோவில்லாமல் போக அவர்களுக்கு உரிமை உண்டு. இல்லம் ஆயத்தமாக இருந்தால் அதைக் கொடுக்க முடியும்.

மருந்தின் அளவைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. எதைப் பார்ப்பது, எதை எழுதுவது, எப்போது அழைப்பது, கையால் என்ன செய்வது என்பவை உங்கள் வேலை. இங்கே சொல்லப்படுவது அவற்றைப் பற்றித்தான்.

முதலில்: இது உண்மையில் இறுதிக் கட்டமா?

மாதக் கணக்கில் மெதுவாக வரும் மாற்றத்தையும் இரண்டு நாளில் வரும் மாற்றத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். உடை தொளதொளக்கும் அளவுக்கு மெலிவது, பகலில் பாதிக்கு மேல் படுக்கையில் கழிவது, சளிக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவது, தண்ணீர் குடிக்கும்போது புரையேறுவது, ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ஒவ்வொரு முறையும் முன்பைவிடப் பலவீனமாகத் திரும்புவது ஆகியவை சேர்ந்து வந்தால் வைத்தியரோடு உட்கார்ந்து பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று குழம்பிப்போய்த் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால், சாவு நெருங்குகிறது என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் சீனி அளவைப் பாருங்கள். சலத்தில் கிருமி, நாலைந்து நாள் மலம் போகாதது, சலம் அடைத்துக்கொண்டது, தண்ணீர்ப் பற்றாக்குறை, புதிதாகத் தொடங்கிய குளிசை ஆகிய எல்லாம் இதே தோற்றத்தைத் தரும். இவற்றில் பலவற்றை மாற்றலாம். இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால், பிழைத்திருக்கக்கூடிய ஒருவரைக் கைவிட்டதாகிவிடும்.

கடைசிச் சில நாட்களுக்கான அடையாளங்கள் வேறு. குளிசை விழுங்க முடியாது. ஒரு மிடறு தண்ணீரோடு போதும் என்பார். சலம் குறைந்து கடும் தேநீர் நிறமாகும். கை கால் குளிரும். முழங்காலிலும் பாதத்திலும் ஊதா நிறத்தில் வலைபோலத் திட்டுகள் தெரியும். மூச்சு ஆழமாகி, பின் மெல்லியதாகி, சில விநாடிகள் நின்று மீண்டும் தொடங்கும். கடைசி இரண்டு அடையாளங்களும் வந்துவிட்டால் மணித்தியாலங்களோ ஓரிரு நாட்களோதான் மிச்சம்.

ஒரு தாள் எழுதி வையுங்கள்

வைத்தியர் வரும் நாளில், பொறுப்பாளரும், பேச முடிந்தால் அந்த முதியவரும் சேர்ந்திருந்து ஒரே ஒரு தாள் எழுத வேண்டும். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் அதை ஒட்டுங்கள். நகல் ஒன்று இரவுப் பணியாளரின் மேசையில் இருக்கட்டும். அதில் இருக்க வேண்டியவை: என்னென்ன வருத்தம், இப்போதைய நிலை, ஒவ்வாத மருந்து, எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, எந்த நிலையில் இங்கேயே வைத்துப் பார்ப்பது, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயல்வதா இல்லையா, இரவில் அழைக்க வேண்டிய வைத்தியர், முடிவெடுக்கும் உறவினர், இறுதிக் கிரியை பற்றிய விருப்பம். வைத்தியரின் கையொப்பமும் திகதியும் வேண்டும். மாதம் ஒருமுறையும் நிலை மாறும்போதெல்லாமும் அதைப் புதுப்பியுங்கள்.

இந்தத் தாளால் யாரும் ஆஸ்பத்திரியின் முடிவைக் கட்டுப்படுத்த முடியாது. ஆனாலும் அதைப் பார்க்கும் வைத்தியருக்குச் சில நிமிடங்களில் முழுப் படமும் கிடைக்கும். இது இல்லாமல் அனுப்பினால் ஊசி, ரியூப், பரிசோதனை என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய நிலைகளைத் தெளிவாக எழுதுங்கள்: விழுந்து எலும்பு முறிந்தது, நிற்காத இரத்தப்போக்கு, வலிப்பு, இருக்கிற மருந்துக்கு அடங்காத நோவு அல்லது மூச்சுமுட்டல், சலம் அடைத்து வயிறு வீங்கியும் இல்லத்தில் ரியூப் போட ஆள் இல்லாதது. இவற்றுக்கு 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சாப்பிடவில்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறார், சேடம் கேட்கிறது என்பவை எதிர்பார்த்த மாற்றங்கள். அவற்றுக்கு வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்தால் போதும்.

பிள்ளைகளோடு பேசுவது

இங்குள்ள இல்லங்களில் பலரின் பிள்ளைகள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ சுவிஸிலோ இருப்பார்கள். நாலு பிள்ளைகள் நாலு நாட்டிலிருந்து நாலு விதமாகச் சொன்னால் இரவுப் பணியாளர் எதையும் செய்ய முடியாது. ஆகவே ஒருவரைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. லண்டன் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. அவர்களின் நடு இரவிலும் அழைக்கலாமா என்று முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

வர விரும்புகிறவர்களை அம்மா பேசக்கூடிய காலத்திலேயே வரச் சொல்லுங்கள். ‘கொஞ்சம் சுகமில்லை, பயப்பட ஒன்றுமில்லை’ என்று மழுப்பினால் அவர்கள் மரண வீட்டுக்குத்தான் வந்து சேர்வார்கள். சொல்லும் முறை இப்படி இருக்கலாம்: ‘அம்மா பலவீனமாகிக்கொண்டு வாறா. டொக்டரும் பார்த்தவர். மாதக் கணக்கில்லை, கிழமைக் கணக்கு என்றுதான் சொல்லுறார். வாறதெண்டால் இப்ப வாங்கோ. வர ஏலாட்டி நாங்கள் பின்னேரத்தில வட்ஸ்அப்பில கதைக்க ஒழுங்கு செய்வம்.’ திகதி சொல்லாதீர்கள். யாராலும் அதைச் சொல்ல முடியாது.

வர முடியாத பிள்ளைகள் குற்றவுணர்வால் கோபமாகப் பேசுவார்கள், ‘காசு பிரச்சினையில்லை, எல்லாம் செய்யுங்கோ’ என்பார்கள். அந்தக் கோபத்தை உங்கள் மீதானதாக எடுக்க வேண்டாம். அவர்கள் செய்யக்கூடிய ஒன்றைக் கொடுங்கள்: காதருகே தொலைபேசியை வைக்கிறோம், பேசுங்கள் என்று. கண் திறக்காத நிலையிலும் இது வீண் போகாது. 2020 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறுதி மணித்தியாலங்களில் எந்த அசைவும் இல்லாமல் கிடந்த சில நோயாளிகளின் மூளை ஒலிக்குப் பதில் காட்டியதை மின்னலைப் பதிவில் கண்டார்கள். அதே காரணத்தால், கட்டிலருகே நின்று செலவுக் கணக்கோ காணிப் பிரச்சினையோ பேச யாரையும் விடாதீர்கள்.

உறவென்று யாரும் மிஞ்சாதவர்களும் இருக்கிறார்கள். போரில் பிள்ளைகளை இழந்தவர்களும், காணாமலாக்கப்பட்ட பிள்ளைக்காக இன்னும் காத்திருப்பவர்களும் இவர்களில் உண்டு. இறுதி நாட்களில் அந்த மகனைக் கேட்டு அழைப்பார்கள். ‘வந்துகொண்டிருக்கிறார்’ என்று பொய் சொல்ல வேண்டாம், ‘அவர் இல்லையே அம்மா’ என்று திரும்பவும் காயப்படுத்தவும் வேண்டாம். ‘தம்பியைப் பற்றிச் சொல்லுங்கோ அம்மா’ என்று பக்கத்தில் இருங்கள். ஒருவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருப்பது அந்த வேளையில் எந்த ஊசியையும்விட அமைதி தரும்.

குளிசைகளைக் குறைப்பது

விழுங்க முடியாத ஒருவருக்கு ஒன்பது குளிசையைப் பொடியாக்கிப் புகட்டுவது கொடுமை. கொலஸ்ட்ரோல் குளிசை, விற்றமின், சத்துக்குளிசை போன்றவற்றால் இனிப் பயனில்லை. எவற்றை நிறுத்தலாம் என்று வைத்தியரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. வலிப்பு மருந்து, பார்கின்சன் மருந்து, நீண்டநாள் எடுத்த ஸ்ரெரொயிட் ஆகியவை திடீரென்று நின்றால் பெரும் அவதி வரும்.

இன்சுலினும் நீரிழிவுக் குளிசையும்தான் அதிகம் தவறுகிற இடம். சாப்பாடு பாதியாகக் குறைந்த அன்றே வைத்தியருக்குச் சொல்லுங்கள். சாப்பிடாதவருக்குப் பழைய அளவில் இன்சுலின் போட்டால் சீனி இறங்கி வியர்த்து மயங்குவார். அதைச் சாகும் தறுவாய் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடும் ஆபத்தும் உண்டு. ‘மெதுவாகக் கரையும்’ வகைக் குளிசைகளைப் பொடியாக்கவே கூடாது. முழு நாளுக்கான மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

நோவு

‘நோகுதோ அம்மா?’ என்று கேளுங்கள். எங்கள் முதியவர்கள் பலர் ‘இல்லைப் பிள்ளை’ என்றுதான் சொல்வார்கள், உங்களுக்குக் கரைச்சல் கொடுக்க விரும்பாமல். ஆகவே திருப்பும்போது முகத்தைப் பாருங்கள். மறதி நோயால் சொல்ல முடியாதவர்களுக்குப் பெயின்ஆட் என்ற அளவுகோல் 2003 முதல் பயன்பாட்டில் உள்ளது. மூச்சு, முனகல், முகம், உடல் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று புள்ளி போட வேண்டும். மொத்தம் 10. ஒரு முறை பார்க்கும் புள்ளி பெரிதாக ஒன்றும் சொல்லாது. மருந்துக்கு முன்னும் ஒரு மணித்தியாலம் கழித்தும் எழுதினால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று வைத்தியருக்குத் தெரியும்.

லேசான நோவுக்குப் பரசிற்றமோல். 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஒரு நாளில் நாலு முறை என்பது உடல் நிறைந்த வளர்ந்தவருக்கான உச்ச அளவு. 50 கிலோவுக்குக் குறைந்த, மெலிந்த முதியவருக்கு அது கூடுதல். குறைந்த அளவை வைத்தியர் எழுதுவார். விழுங்க முடியாவிட்டால் மலவாசலில் வைக்கும் மருந்து உண்டு.

அதற்கு அடங்காவிட்டால் மோர்பின். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து இது. மோர்பின் கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடும் என்ற பயம் உறவினர்களிடம் மட்டுமல்ல, பணியாளர்களிடமும் இருக்கிறது. நோவுக்கு ஏற்றபடி சிறு அளவில் தொடங்கிக் கூட்டினால் அது உயிரைக் குறைப்பதில்லை. தெருவில் உள்ள பாமசியில் அதை வாங்கலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலோ கிளினிக் பார்க்கிறவர் என்றால் அடுத்த திகதிக்குக் காத்திராமல் முன்கூட்டியே கேளுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மருந்து முடிவது அடிக்கடி நடக்கும். ஐந்து நாளுக்கான மருந்து மிஞ்சியிருக்கும்போதே அடுத்ததை எடுக்க வேண்டும்.

சாதாரண மோர்பின் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ‘நோ வரும்போது கொடுக்கலாம்’ என்று தள்ளிப்போடாமல் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். இடையில் நோவு வெடித்தால் கொடுக்கும் மேலதிக அளவையும் வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். அது வழக்கமாக ஒரு நாள் மொத்தத்தில் பத்தில் ஒன்று முதல் ஆறில் ஒன்று வரை இருக்கும். மோர்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மலச்சிக்கல் வந்த பின் போராடுவது மிகக் கடினம். தூக்கம் முதல் இரண்டு மூன்று நாளில் குறையும். எழுப்ப முடியாத தூக்கம், நிமிடத்துக்கு 8 க்குக் குறைந்த மூச்சு, கைகால் வெட்டி வெட்டி இழுப்பது ஆகியவற்றைக் கண்டால் அடுத்த வேளை மருந்துக்கு முன் வைத்தியரைக் கூப்பிடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களில் இந்த வெட்டு இழுப்பு சீக்கிரம் வரும்.

மோர்பினைப் பூட்டிய அலுமாரியில் வையுங்கள். ஒவ்வொரு குளிசைக்கும் இருவர் எண்ணிக் கையொப்பமிடும் பதிவேடு வேண்டும்.

சாப்பாடும் சேலைனும்

உறவினரோடு அதிகம் மனக்கசப்பு வருவது இதில்தான். ‘பட்டினி போட்டுச் சாகடிக்கிறீங்களோ?’ என்று கேட்பார்கள். நம் ஊரில் அன்பைச் சோறாகத்தானே கொடுத்துப் பழகியிருக்கிறோம். பொறுமையாகச் சொல்லுங்கள்: உடம்பு அடங்கிக்கொண்டு வருவதால் பசி நிற்கிறது, சாப்பிடாததால் உடம்பு அடங்கவில்லை.

விரும்பினால், முழித்திருக்கும்போது மட்டும், தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்து, நாடியைச் சற்று நெஞ்சுப்பக்கம் தாழ்த்தி, தேக்கரண்டியில் பாதி கொடுங்கள். தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்தது. தண்ணீரைவிடப் பாற்கஞ்சி, தடித்த கூழ், தயிர், நசித்த கதலிப்பழம் ஆகியவை பலருக்கு எளிதாக இறங்கும். இருமல், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரப்பு, கண் கலங்குதல் ஏதாவது வந்தால் நிறுத்திவிடுங்கள். கொடுத்து முடித்து அரை மணித்தியாலம் உயர்த்தியபடியே இருக்கட்டும். பீச்சாங்குழாயால் வாய்க்குள் அடிப்பது, மூக்கைப் பொத்தி விழுங்கவைப்பது எல்லாம் நுரையீரலுக்குள் உணவைத் தள்ளும் வேலை.

சேலைன் பற்றிக் கேட்டால் கணக்கைச் சொல்லுங்கள். 500 மில்லிலீற்றர் சாதாரண சேலைனில் இருப்பது தண்ணீரும் 4.5 கிராம் உப்பும். உணவுச் சத்து துளியும் இல்லை. 5% டெக்ஸ்ரோஸ் போத்தல் 500 மில்லிலீற்றரில் 25 கிராம் சீனி, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. கடைசி நாட்களில் இதயமும் சிறுநீரகமும் அந்தத் தண்ணீரை வெளியேற்ற மாட்டா. அது காலிலும் நுரையீரலிலும் தங்கி மூச்சுமுட்டலையும் சேடத்தையும் கூட்டும். சிலருக்குச் சிறிதளவு சேலைன் உதவலாம். அதை வைத்தியர் முடிவு செய்யட்டும்.

தாகமாகத் தெரிவது பெரும்பாலும் வாய் காய்வதுதான். அதற்கு மருந்து வாயில் வைக்கும் ஈரம். கொதித்தாறிய தண்ணீர் ஒரு கோப்பை, கால் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி அப்பச்சோடா. நாள்தோறும் புதிதாகக் கலக்குங்கள். மிருதுவான தூரிகையையோ விரலில் சுற்றிய துணியையோ நனைத்துப் பிழிந்து, பல், கன்னத்தின் உட்புறம், நாக்கு என்று துடையுங்கள். முழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, கடைசி நாளில் இன்னும் அடிக்கடி. கடிக்கிற பழக்கம் வந்துவிட்டால் விரலை உள்ளே விடாதீர்கள். தேசிக்காய் தடவினால் முதலில் எச்சில் ஊறும், பிறகு இன்னும் காயும், புண்ணிருந்தால் எரியும். வெள்ளைத் திட்டு கண்டால் அது பூஞ்சை. அதற்கு மருந்து உண்டு, கேளுங்கள். உதட்டுக்கு வாசலீன் மெல்லியதாக. ஒட்சிசன் போட்டிருந்தால் எண்ணெய்ப் பசையுள்ள எதுவும் வேண்டாம். தண்ணீர் கலந்த பூச்சு கேட்டு வாங்குங்கள். பொருந்தாத பல்செற்றைக் கழற்றி, பெயர் எழுதிய டப்பாவில் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

உடம்பு

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முழுப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இடுப்பு எலும்பு அழுந்தும். 30 பாகை சரித்து முதுகுக்குத் தலகணை கொடுங்கள். இரண்டு முழங்காலுக்கு இடையே ஒன்று, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. குதிக்கால் மெத்தையில் படக் கூடாது. இருவர் சேர்ந்து கீழே விரித்த துணியோடு தூக்கி நகர்த்துங்கள். ஒருவர் இழுத்தால் தோல் உரியும். தொடும் முன் ‘அம்மா, இடப்பக்கம் திருப்பப் போறம்’ என்று சொல்லுங்கள், அவர் பதில் சொல்லாவிட்டாலும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்துப் பின் சிவந்தால் நேரத்துக்குத் திருப்பினால் போதும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்த்துவிடுவது உள்ளே இருக்கும் இழையத்தைக் கிழிக்கும். வளையத் தலகணை, தண்ணீர் நிரப்பிய கையுறை போன்றவையும் பயனற்றவை; விளிம்பில் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. காற்று மெத்தை இருந்தாலும் திருப்புவதை விட வேண்டாம். மின்சாரம் நின்றால் அது தட்டையாகிவிடும். சித்திரை, வைகாசி வெக்கையில் றப்பர் விரிப்பு வியர்வையைத் தேக்கும். அதன்மேல் பருத்தித் துணி விரிக்காமல் படுக்கவைக்காதீர்கள். பம்பஸை மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

கடைசி ஓரிரு நாளில் கணக்கு மாறும். ஒவ்வொரு திருப்பலும் அவருக்கு வேதனை என்றால் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாகக் குறைத்து, நோவு மருந்து கொடுத்து அரை மணித்தியாலத்தின் பின் திருப்புங்கள். இந்தக் கட்டத்தில் புண்ணைத் தடுப்பதைவிட நோவில்லாமல் இருப்பதே முதன்மை.

மூச்சுமுட்டல், சேடம், பதற்றம்

மூச்சு முட்டும்போது தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், யன்னலைத் திறவுங்கள், சிறிய காத்தாடி ஒன்றை முகத்துக்கு நேரே திருப்புங்கள். முகத்தில் படும் காற்று மூச்சுமுட்டும் உணர்வை உண்மையிலேயே குறைக்கிறது. கட்டிலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். குறைந்த அளவு மோர்பின் இதற்கும் உதவும். இரத்தத்தில் ஒட்சிசன் குறையாதவருக்கு ஒட்சிசன் பெரிதாக ஒன்றும் செய்யாது.

சேடம் என்பது விழுங்க முடியாததால் தொண்டையில் தேங்கும் எச்சில் மூச்சோடு அசையும் சத்தம். கேட்கிறவருக்கு மூச்சுத் திணறல்போல் இருக்கும். முகம் சுருங்காமல், நெற்றி தளர்வாக இருந்தால் அவர் அந்த அவதியை உணரவில்லை. பக்கவாட்டில் சரித்து வாயோரமாக வடிய விடுங்கள், துணியால் துடையுங்கள். தொண்டைக்குள் ரியூப் விட்டு உறிஞ்ச வேண்டாம். அது குமட்டலையும் இரத்தக் கசிவையும் தந்து இன்னும் எச்சிலைச் சுரக்கவைக்கும். சேடத்தைக் குறைக்கும் ஊசி உண்டு. சத்தம் தொடங்கும்போதே போட்டால்தான் பலன், ஏற்கெனவே தேங்கியதை அது வற்றவைக்காது. ஆகவே அதை எழுதி வாங்கி முன்பே எடுத்து வையுங்கள்.

பதற்றம் வந்தால், உடையை இழுத்து எழும்ப முயன்றால், தூக்க மருந்துக்கு ஓடுவதற்கு முன் அடிவயிற்றைத் தொடுங்கள். எட்டு மணித்தியாலமாகச் சலம் போகாமல் அடிவயிறு கல்லுப்போல் இருந்தால் காரணம் அதுதான். ரியூப் போட்ட சில நிமிடத்தில் அடங்கிவிடுவார். பிறகு மலம், நனைந்த பம்பஸ், மடங்கிப்போன கை, காய்ச்சல், நோவு என்று வரிசையாகப் பாருங்கள். பம்பஸில் தண்ணீராகக் கசிகிறது என்பதால் மலச்சிக்கல் இல்லை என்று எண்ணாதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றி வழிவதாகவும் இருக்கலாம். கையைக் கட்டிலில் கட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சமயம்

சைவர்கள் பலர் திருநீறு பூசி, தேவார திருவாசகம் கேட்டுக்கொண்டே போக விரும்புவார்கள். சிவபுராணம் 95 அடி. மெதுவாகப் படித்தாலும் பத்து நிமிடம் போதும். அறையில் இருக்கும் மற்ற ஐயாவோ அம்மாவோ படிக்கலாம், பலருக்கு அது மனப்பாடம். பால் பருக்கும் வழக்கத்தைத் தடுக்காதீர்கள், முறையைச் சொல்லிக்கொடுங்கள். பாலோ தீர்த்தமோ, பஞ்சில் நனைத்துப் பிழிந்து உதட்டிலும் நாக்கு நுனியிலும் தொட்டால் போதும். உறவினர் பத்துப் பேரும் ஆளுக்கொரு கரண்டி ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். சாம்பிராணிப் புகை மூச்சைக் கட்டும். வெளி விறாந்தையில் வைக்கலாம். ஒட்சிசன் உள்ள அறையில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் கூடாது. உயிர் பிரிந்தவுடன் தலைமாட்டில் விளக்கேற்ற ஓடிவருவார்கள். முதலில் சிலிண்டரை மூடி அறைக்கு வெளியே கொண்டுபோங்கள், கதவு யன்னலைத் திறந்து சில நிமிடம் விடுங்கள்.

கத்தோலிக்கருக்கு நோயில் பூசுதலும் நற்கருணையும் நினைவு இருக்கும்போதே கிடைக்க வேண்டும். கடைசி மணித்தியாலத்தில் விழுங்க முடியாது. பங்குத் தந்தையின் தொலைபேசி இலக்கம் அந்தத் தாளில் இருக்கட்டும். இஸ்லாமியர் என்றால் தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கி முகத்தைத் திருப்பவும், அருகில் கலிமா சொல்லவும் வழி செய்யுங்கள். குளிப்பாட்டுவதை அவர்களின் ஆட்களே, ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் செய்வார்கள். அடக்கமும் விரைவில் நடக்கும்.

உயிர் பிரிந்த பின்

மூச்சு நின்ற நேரத்தை எழுதுங்கள். சில நிமிடங்கள் பொறுத்து ஒன்றிரண்டு மூச்சு திரும்பவும் வரலாம். மரணத்தை உறுதிசெய்வது வைத்தியர்; அவரை அழையுங்கள். எதிர்பார்த்த மரணம் என்றால் ஓடித்திரிய வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அழட்டும்.

அண்மையில் விழுந்தவர், முறிவு இருந்தவர், புரையேறி இறந்தவர், தீக்காயம் பட்டவர், எந்த வகையிலும் சந்தேகம் உள்ள மரணம் என்றால் உடம்பையோ ரியூப்களையோ தொடாமல் வைத்தியருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி பார்க்க வேண்டி வரலாம். மூன்று கிழமைக்கு முன் விழுந்தது என்றாலும் மறைக்க வேண்டாம். பிறகு தெரியவந்தால் கிரியை இடையில் நிற்கும்.

மற்றபடி, வைத்தியர் பார்த்த பின் வேலை தொடங்கலாம். உடம்பு நாடியிலிருந்து இறுகத் தொடங்கும். பொதுவாக இரண்டு முதல் நாலு மணித்தியாலத்தில், நம் வெக்கையில் இன்னும் வேகமாக. அதற்குள் நேராகப் படுக்கவைத்து, கையை நீட்டி, பல்செற்றை வைத்து, கண்ணை மூடி ஈரப்பஞ்சைச் சில நிமிடம் வையுங்கள். நாடியைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது இங்குள்ள வழக்கம். கையுறை போட்டுத் துடைத்து, புதுப் பம்பஸ் கட்டுங்கள். திருப்பும்போது கசியும், நெஞ்சிலிருந்து காற்று வெளியேறி முனகல்போல் கேட்கும். புதியவர்கள் இதில் பயந்துவிடுவார்கள். நகைகளை இருவர் முன்னிலையில் எண்ணி எழுதி, வாங்குகிறவரின் கையொப்பம் வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்காகக் காத்திருப்பதென்றால் மலர்ச்சாலைக்கு உடனே சொல்ல வேண்டும், பிந்திச் சொன்னால் உடம்பைப் பாதுகாப்பது கடினம். கொள்ளி வைக்க யாருமில்லாதவருக்கு யார் வைப்பது என்பதை அவர் உயிரோடிருக்கும்போதே கேட்டிருப்பீர்கள். அந்தத் தாளைப் பாருங்கள். கண் தானம் செய்ய எழுதி வைத்திருந்தால் சில மணித்தியாலங்களுக்குள் கண் எடுக்க வேண்டும். மருத்துவ பீடத்துக்கு உடலைக் கொடுப்பதாக இருந்தால் அதற்கான படிவம் முன்பே நிரப்பியிருக்க வேண்டும், உறவினரும் அறிந்திருக்க வேண்டும்.

அறையில் கூட இருந்தவர்களிடம் மறைக்காதீர்கள். இரவோடு இரவாக உடம்பை எடுத்துவிட்டு, காலையில் வெறும் கட்டிலைக் காட்டினால் ‘எங்களையும் இப்படித்தான் கொண்டுபோவார்கள்’ என்று மற்றவர்கள் ஒடுங்கிப்போவார்கள். சொல்லுங்கள், பார்க்க விரும்புகிறவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டுங்கள், பூப்போட விடுங்கள்.

பதிவு

இல்லத்தில் நடந்த இயற்கை மரணத்தை அந்த இல்லம் இருக்கும் பிரிவின் கிராம அலுவலருக்கு அறிவித்து அவரின் அறிக்கையைப் பெற வேண்டும். ஐந்து நாட்களுக்குள் மரணம் நடந்த பிரிவின் பதிவாளரிடம் அறிவிக்க வேண்டும். அடிக்கடி நடக்கும் தவறு, இறந்தவரின் சொந்த ஊர்க் கிராம அலுவலரிடம் போவது. நெடுந்தீவுக்காரர் கைதடியில் இறந்தால் கைதடியில்தான் பதிவு.

தேசிய அடையாள அட்டை, இருந்தால் பிறப்பு, விவாகப் பத்திரங்கள், கிளினிக் கொப்பி, வைத்தியர் எழுதிய மரணக் காரணம் ஆகியவை கையில் இருக்கட்டும். 1995 இடப்பெயர்விலும் அதன் பின்னும் ஆவணங்களைத் தொலைத்தவர்கள் ஏராளம். அடையாள அட்டையில் ஒரு பெயர், ஓய்வூதியப் புத்தகத்தில் இன்னொரு பெயர் என்றும் இருக்கும். இதை அவர் இல்லத்தில் சேரும் நாளிலேயே பார்த்து, திருத்தக்கூடியதைத் திருத்திவிடுங்கள். மரணச் சான்றிதழில் பெயர் பிழைத்தால் பிள்ளைகள் வங்கிக்கும் காணிக் கந்தோருக்கும் ஆண்டுக்கணக்கில் அலைவார்கள். நகல்களைக் கூடுதலாக எடுக்கச் சொல்லுங்கள். ஓய்வூதியம் பெற்றவர் என்றால் பிரதேச செயலகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். பிந்தினால் மேலதிகமாக வந்த பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

மிஞ்சிய மோர்பினை இருவர் எண்ணிப் பதிவேட்டில் எழுதி, கொடுத்த வைத்தியசாலை மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அடுத்தவருக்குத் தேவைப்படும் என்று அலுமாரியில் ஒதுக்கி வைக்கக் கூடாது.